அம்மன் காலடியில் ஒரு முகம்

சாமிக்குக் கார் பெயின்ட் அடிக்கிறவன் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். பொய்யில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் பெயின்ட் பூத்தில் ஆறு வருஷம் பம்பருக்கு ஸ்பிரே அடித்தவன் நான். கான்ட்ராக்ட் முடிந்த அன்று கேட்டிலேயே பாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு ஸ்தபதியிடம் சேர்ந்து சுதை வேலை கற்றுக்கொண்டேன். கம்பி கட்டி, செங்கல் வைத்து, சிமென்ட் பூசி, கோபுரத்துக்குப் பொம்மை செய்கிற வேலை. இப்போது நாலு ஆட்களை வைத்துக்கொண்டு நானே தனியாக எடுத்துச் செய்கிறேன். பெரிய ஸ்தபதிகள் என்னைப் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். ஆனால் நான் செய்த அம்மன்களின் கன்னம் எத்தனை மழையிலும் வெளுத்ததில்லை. பம்பருக்கு அடிக்கிற பிரைமர் சாமிக்கும் பிடிக்கும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கம் நிலம் விற்ற ஊரில் முதலில் கார் வரும், பின்னாலேயே கோபுரம் வரும். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. பென்னலூரைத் தாண்டி, ஒரு கம்பெனியின் நீளமான மதில் சுவருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் எங்களுடையது. செல்லியம்மனுக்கு ஓட்டுக் கூரைதான் இருந்தது. போன வருஷம் டில்லிபாபு மூன்று நிலைக் கோபுரம் எழுப்பித் தருவதாகச் சொன்னார்.

டில்லிபாபு யார் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனிகளுக்கு ஆள் கொடுக்கிற லேபர் கான்ட்ராக்டர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அவர் ஆள். என் மனைவி சௌந்தர்யாவும் அவர் ஆள்தான். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள கம்பெனியில் ஒயர் கட்டுகிற லைனில் நாலரை வருஷமாக நிற்கிறாள். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்ட் முடியும், ஒரு வாரம் வீட்டில் உட்காரவைப்பார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். அந்த ஒரு வாரம் அவள் போனைக் கையை விட்டுக் கீழே வைக்க மாட்டாள். குளிக்கப் போனாலும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். கூப்பிடாமல் விட்டவர்கள் நிறையப் பேர். பர்மனென்ட் என்கிற ஒரு வார்த்தைக்காக அவள் வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை, வல்லக்கோட்டை முருகனுக்கு மட்டும் மூன்று காவடி பாக்கி இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஒரு பேச்சு அடிபட்டது. கான்ட்ராக்டில் இருக்கும் பெண்களில் பதினாலு பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்களாம். யார் அந்தப் பதினாலு பேர் என்று தெரியாது. சௌந்தர்யா அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை.

கோபுர வேலை என்னிடம் வந்தபோது, டில்லிபாபு தன் உருவத்தை வைக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். உபயம் செய்கிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். பெரிய கோயில் தூண்களில் ராஜாக்கள் கும்பிட்டபடி நிற்பார்களே, பார்த்திருப்பீர்கள். சாமியைக் கும்பிடுகிற மாதிரிதான் நிற்பார்கள். ஆனால் சாமியைப் பார்க்கப் போகிறவன் முதலில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இந்தக் காலத்தில் கவுன்சிலர்கள் கேட்கிறார்கள், ரியல் எஸ்டேட்காரர்கள் கேட்கிறார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியோடு வைக்கச் சொன்னார், வைத்துக் கொடுத்தேன்.

டில்லிபாபு கேட்கவில்லை. திருப்பணிக் கமிட்டி கூட்டத்தில் எல்லார் முன்னாலும், தனக்குச் சிலை கிலை எதுவும் வேண்டாம், பேர் பொறித்த கல்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரே உருகிப்போனது. நானும் உருகினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளைச் சட்டையோடு அவரே சாரம் ஏறி இரண்டாம் நிலைக்கு வந்தார். அங்கே முன்பக்கத்தில் அசுரனை மிதித்து நிற்கும் அம்மன். அம்மன் முடிந்திருந்தாள். அசுரனுக்கு உடம்பு மட்டும் இருந்தது, தலை இருக்கவேண்டிய இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்ததால் கீழே இருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. டில்லிபாபு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"அம்மா காலாண்ட கீறானே, அவனுக்கு இந்த மூஞ்சிய வையி விமலு. எனக்கு வேற எதுவும் வேணாம்."

படத்தில் இருந்தது ஜீவானந்தம். கம்பெனி கேட்டுக்கு எதிரே கையை உயர்த்தி, வாயை முழுசாகத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

ஜீவானந்தம் அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆபரேட்டர். பக்கத்து ஊர்க்காரர்தான். சங்கம் வைக்கவேண்டும் என்று ஆரம்பித்து, பத்தொன்பது நாள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தவர். லைனில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தது அவர்தான். அது வரைக்கும் சௌந்தர்யா வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுப்பாள், நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். போராட்டத்துக்கு அப்புறம் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். கொஞ்ச நாளில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். பணம் வாங்கிக்கொண்டு கழன்றுகொண்டான் என்று பேச்சு. அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் டில்லிபாபுவிடம் மழுப்பிப் பார்த்தேன். அசுரனுக்குக் கோரைப்பல் வரும், முறுக்கு மீசை வரும், அதில் மனுஷ ஜாடை நிற்காது என்றேன். பல்லையும் மீசையையும் போட்டுக்கொள், ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்றார். ஆகமத்தில் இடமில்லை என்று எனக்கே தெரியாத ஆகமத்தை இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அதுதான் பயம். கீழே இறங்கும் முன் திரும்பி நின்று சொன்னார்.

"சௌந்தர்யா பேரு லிஸ்ட்ல கீது. அது அங்கயே கீறதும் இல்லாததும் என் கைல கீது. நான் மெரட்டல, கேக்கறேன், அவ்ளோதான்."

இரண்டு நாள் வேறு பொம்மைகளில் கை வைத்துக்கொண்டு திரிந்தேன். சௌந்தர்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. என் மனதுக்குள் நானே வக்கீல் வைத்து வாதாடினேன். பணம் வாங்கிக்கொண்டு போனவர்தானே. ஊர்க் கோபுரத்தில் இருபதடி உயரத்தில் இருக்கிற முகத்தை யார் அண்ணாந்து பார்த்து ஆராயப்போகிறார்கள். ஒரு முகம் சிமென்ட்தானே, அதற்குப் பதில் ஒருத்தியின் வாழ்நாள் வேலை. மூன்றாம் நாள் காலையில் கரண்டியை எடுத்தேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என் கையில் இதுவரை வந்த முகங்களில் அதுதான் சிறந்தது. மற்ற அசுரன்கள் எல்லாம் ஒரே அச்சு, உருட்டு விழியும் தொங்கு நாக்குமாக இருப்பார்கள். இதற்கு ஒரு உண்மையான மனுஷனின் ஆவேசம் கிடைத்திருந்தது. கழுத்து நரம்பை ஒவ்வொன்றாக இழுத்தேன். திறந்த வாயின் ஓரத்தில் விழுகிற மடிப்பை மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்தேன். நடுவில் பாவம் என்பதே மறந்துபோய், நன்றாக வருகிறதே என்கிற சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தேன். கோரைப்பல் இரண்டையும் கடைசியில் ஒட்டினேன். டில்லிபாபு வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது கண் திறப்பு. எங்கள் தொழிலில் எல்லா வேலையும் முடிந்தபின்தான் பொம்மைக்குக் கண்ணின் கருமணியை வைப்போம். அதுவரை அது சிமென்ட். கண் வைத்துக் கும்பாபிஷேகமும் ஆகிவிட்டால் அப்புறம் அதன்மேல் உளி படக்கூடாது. அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் பன்னிரண்டு வருஷம் மூக்கு நுனி உடைந்தால்கூடத் தொடமாட்டோம். கண் திறக்கிற அன்று விடியற்காலை குளித்து ஈரத் துணியோடு ஏறினேன். அம்மனுக்கு வைத்தேன், துவாரபாலகிகளுக்கு வைத்தேன், அசுரனை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து டீ வாங்கினேன். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு சுத்தியல் போதும், எல்லாம் முடிந்திருக்கும். மூஞ்சி சரியாக வரவில்லை, உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்போது போன் வந்தது. சௌந்தர்யா. பேச முடியாமல் அழுதாள். லெட்டர் கையில் கொடுத்துவிட்டார்களாம்.

மேலே ஏறிப் போய் அசுரனுக்குக் கண் வைத்தேன்.

சாரத்தையும் வலையையும் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் அவிழ்த்தார்கள். மறுநாள் ஏரிக்கரை வரைக்கும் கூட்டம். ஷிப்டு முடித்து யூனிஃபார்மோடு வந்தவர்கள், லீவு போட்டு வந்தவர்கள், இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றிய பின் மோட்டார் வைத்துக் குழாயில் கூட்டத்தின்மேல் தெளித்தார்கள். டில்லிபாபுவுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் மரியாதை செய்தார்கள். கோபுரத்துக்குக் கீழே அவருடைய ஆட்கள் கொஞ்சம் பேர் மேலே கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சிலர் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேலே பார்த்துவிட்டு டில்லிபாபுவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார்கள். கும்பிட வந்த இடத்தில் இப்படி ஒரு பயம் உண்டாகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் நினைத்திருப்பார்.

நான் சௌந்தர்யாவைக் கோபுரத்தின் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு போனேன். அவள் புதுப் புடவையில் இருந்தாள், லெட்டரை அம்மன் காலில் வைத்து வாங்கிப் பர்ஸில் வைத்திருந்தாள். அப்போதுதான் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜீவானந்தம். இப்போது வல்லக்கோட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"லெட்டர் வந்துச்சாம்மா? பதினாலு பேருக்கும் வந்துட்ச்சா?"

எல்லாருக்கும் வந்துவிட்டது என்று சொன்னாள் சௌந்தர்யா. சொல்லிவிட்டு, உங்களுக்கு எப்படிண்ணா தெரியும் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். லெட்டர் வந்துவிட்டதால் இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று சொல்லிவிட்டுச் சொன்னார்.

"நான் வெளிய போனா பதினாலு பேரை உள்ள எடுத்துக்கறோம்னாங்க. செரின்னு கையெழுத்து போட்டுட்டேன். லெட்டர் வர்ற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன். டில்லிபாபுவும் அன்னிக்கு அந்த ரூம்லதான் ஒக்காந்துகினு இருந்தாரு."

எந்தத் தேதி என்று நான் கேட்டேன். சொன்னார். டில்லிபாபு என்னிடம் போனைக் காட்டிய திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால். பதினாலு பேரின் பேரும் அப்போதே எழுதி, கையெழுத்தாகி முடிந்துபோயிருந்தது. பதினாலு ஆட்கள் பர்மனென்ட் ஆகித் தன் கையை விட்டுப் போகிற ஆத்திரத்தில், தன்னால் தடுக்கவே முடியாத ஒன்றை எனக்குக் கொடுக்கிற மாதிரி காட்டி, என் கையை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் கொடுத்தது எதுவும் இல்லை. கொடுத்தவர் காக்கிச் சட்டையோடு என் எதிரே நின்று, அன்னதானம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்னதானப் பந்தலுக்குப் போகக் கோபுரத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். நான் என்னென்னவோ சொல்லித் தடுக்கப் பார்த்தேன். பந்தலில் கூட்டம், அப்புறம் போகலாம் என்றேன். அவர் போய்விட்டார். கூடவே சௌந்தர்யாவும் போனாள். நடந்துகொண்டே அவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

சௌந்தர்யாவும் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த டில்லிபாபுவின் ஆட்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்ன நடக்கும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஜீவானந்தம் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு ஒயர் கனெக்ஷனைச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"அந்த போட்டோ எனக்குத் தெரியும்," என்றார். "வாயத் தொறந்துகினு கீறேனே விமலு, அப்ப இன்னா கத்திகினு இருந்தேன் தெரியுமா? கான்ட்ராக்ட் பொம்பளைங்கள பர்மனென்ட் பண்ணுன்னுதான்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். வேலை நன்றாக இருக்கிறது, மூக்குதான் கொஞ்சம் பெரிசு என்றும் சொன்னார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பந்தலுக்குப் போய் வரிசையில் நின்று சாப்பிட்டார். ஒரு மணிக்கு ஆட்டோ எடுக்கவேண்டும் என்று கிளம்பிப் போனார்.

சௌந்தர்யா வீட்டுக்கு வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, சமையல்கட்டில் உட்கார்ந்த பிறகு கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை, போன், லிஸ்ட், டீ ஆறினது, கண் வைத்தது, விசிலடித்தது உட்பட. நாலரை வருஷக் கல்யாணத்தில் என்னை அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். அன்றும் அதிர்ந்து பேசவில்லை. அதை உடைத்துவிடு என்றாள். கும்பாபிஷேகம் ஆகிவிட்டது, பன்னிரண்டு வருஷத்துக்கு உளி படக்கூடாது, பட்டால் ஊருக்கு ஆகாது, ஊர் என்னை விடாது என்றேன்.

"அப்போ பன்னெண்டு வருஷமும் நீ சொல்லு," என்றாள். "அது யாரு மூஞ்சின்னு கேக்கறவங்களுக்குச் சொல்லு. அவரு இன்னா சொல்லிக் கத்தனாருன்னு சொல்லு. யாரு வைக்கச் சொன்னாங்க, யாரு வச்சது, அதையும் சேத்து சொல்லு."

நான் அதைச் செய்யாமல் அந்த வேலைக்குப் போய் ஸ்டூலில் உட்காரத் தன்னால் முடியாது என்றாள். மறுநாள் காலை, கேட்டுக்குச் சுற்றிப் போகிற ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கோயில் வாசலில் உட்காருகிறேன். முதல் நாள் ஆரம்பித்துவிட்டு முடிக்காமலே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை நானே திட்டிக்கொள்ள நேர்ந்தால் யாருக்குத்தான் சரளமாக வரும். இப்போது பழகிவிட்டது. டில்லிபாபு ஆள் அனுப்பினார், அப்புறம் அவரே கூப்பிட்டு, எதற்கு விமலு வம்பு என்று அதே மெதுவான குரலில் கேட்டார். அவர் கை நீளமானது, ஶ்ரீபெரும்புதூரைச் சுற்றி எனக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கோயில் வேலையும் நின்றுபோனது. செய்யாறு பக்கம் ஒன்று செய்கிறேன். சௌந்தர்யாவின் லெட்டரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள், கழுத்தில் கான்ட்ராக்ட் பாஸின் நீல நாடா. அம்மனைப் படம் எடுத்தவள், அசுரன் என்னமா கத்துதான், நெசமாவே ஆள் கத்துத மாதிரியே இருக்கே அண்ணே என்றாள். நான் சொன்னேன். யார் முகம், என்ன கேட்டுக் கத்தினார், யார் வைக்கச் சொன்னது, பயந்துகொண்டு வைத்தது யார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வைத்தவன் நான்தான் என்றபோது அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் இன்னும் பழகவில்லை.

அவள் மறுபடி ஒரு தடவை மேலே பார்த்தாள். அப்புறம் அம்மனுக்கென்று வாங்கி வந்திருந்த கதம்பத்தில் பாதியைக் கிள்ளி, அசுரனுக்கு நேர் கீழே கோபுரத்தின் அடிக்கல்லில் வைத்துவிட்டு, மிச்சப் பாதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.